கண்ணாடித் துப்புரவுத் தொழிலுக்குப் பிக்கப் வாகனம்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த நம் குடும்பங்களில், துப்புரவுக் குத்தகையாளர்களிடம் நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் பலர் உண்டு. சில ஆண்டுகள் செய்ததும் வேலை கைக்கு வந்துவிடும். வாடிக்கையாளர்களும் முகம் தெரிந்தவர்களாகி விடுவார்கள். "சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் நாமே வேலை எடுக்கலாமே" என்ற எண்ணம் அப்போது வருவது இயல்பு. கண்ணாடிச் சன்னல், கடை முகப்பு, தொழிற்சாலை அலுவலகம் ஆகியவற்றைத் துடைத்துத் தரும் தொழிலுக்கு அதிக முதல் தேவையில்லை. இதில் பெரிய செலவு என்றால் அது வண்டிதான்.

நம் நாட்டில் வாகனக் கடனை ஒன்பது ஆண்டு வரை தவணையில் கட்டலாம். தவறான வண்டியைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சுமையும் ஒன்பது ஆண்டு தொடரும். ஆகவே டொயோட்டா ஹைலக்ஸ், இசூசு டி-மேக்ஸ், மிட்சுபிசி டிரைடன் போன்ற பிக்கப் வாகனங்கள் இந்தத் தொழிலுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இங்கே பார்ப்போம்.

பிக்கப் யாருக்குப் பொருந்தும்?

தரைத்தளக் கடைகளின் கண்ணாடியை மட்டும் துடைப்பவருக்கு ஒரு வாளி, ஒரு துவட்டும் உறை, ஸ்க்வீஜி எனப்படும் ரப்பர் வழிப்பான், நாலு துணி ஆகியவை போதும். மோட்டார் சைக்கிளிலேயே வேலையை முடித்துவிடலாம். இன்று உலகெங்கும் பயன்படும் ஒற்றை ரப்பர் ஸ்க்வீஜிக்கு, அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர் 1936இல் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ 90 ஆண்டு ஆகியும் தொழிலின் அடிப்படைக் கருவி மாறவில்லை. அதற்காக மட்டும் பிக்கப் வாங்குவது வீண்.

ஏணி, நீண்ட கம்பு, தண்ணீர்த் தொட்டி, பம்பு ஆகியவற்றை ஏற்ற வேண்டி வரும்போதுதான் பிக்கப்பின் தேவை எழுகிறது. தோட்ட பங்களா, செம்பனை ஆலை அலுவலகம், செம்மண் சாலையைத் தாண்டி இருக்கும் பள்ளிக்கூடம் போன்ற இடங்களுக்கு உயரமான அடிப்பாகம் கொண்ட வண்டி உதவும். ஈரமான பொருள்களைத் திறந்த பின்பகுதியில் போடுவதால் வண்டிக்குள் நாற்றமும் பூஞ்சையும் வராது. வார இறுதியில் குடும்பத்துக்கும் அதே வண்டி பயன்படும்.

குறைகளும் உண்டு. திறந்த பின்பகுதியில் வைத்த பொருளுக்கு மழையிலிருந்தும் திருடர்களிடமிருந்தும் பாதுகாப்பு இல்லை. மேற்கூரை போட்டால் அதற்குத் தனிச் செலவும் தனி எடையும் ஆகும். பேரங்காடி, கொண்டோ ஆகியவற்றின் வாகன நிறுத்துமிட நுழைவாயில்கள் பலவற்றில் உயர வரம்பு 2 மீட்டரை ஒட்டியே இருக்கும். பிக்கப்பின் உயரம் ஏறத்தாழ 1.8 மீட்டர். அதன் மேல் கம்பிச் சட்டமும் ஏணியும் வைத்தால் பல இடங்களுக்குள் நுழைய முடியாது. நகரக் கொண்டோ வேலையை மட்டும் நம்புபவருக்குப் பூட்டக்கூடிய வேன் மேல்.

ஒற்றைக் கேபினா, இரட்டைக் கேபினா?

ஒற்றைக் கேபின் வண்டியின் பின்தட்டு ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம் இருக்கும். இரட்டைக் கேபினில் அது ஏறத்தாழ 1.5 மீட்டர்தான். மடக்கிய நிலையில் 2 மீட்டர் நீளமுள்ள ஏணி, ஒற்றைக் கேபினின் பின்தட்டில் அடங்கிவிடும். இரட்டைக் கேபினில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அல்லது மேலே ஏற்ற வேண்டும். மூன்று, நான்கு பேர் சேர்ந்து போகும் வேலை என்றால் மட்டும் இரட்டைக் கேபின் எடுக்கலாம். ஆள்களைப் பின்தட்டில் உட்கார வைத்துப் போகும் பழக்கம் அறவே கூடாது. தோட்டத்து லோரிகளில் அப்படிப் போய்ப் பழகியவர்கள் நாம். நெடுஞ்சாலையில் ஒரு தடவை வண்டி சறுக்கினால் அந்தப் பழக்கம் உயிரைப் பறித்துவிடும்.

எடைக் கணக்கு

பிக்கப் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. இந்த வகை வண்டிகளின் சுமைத் திறன் பொதுவாக 800 கிலோவிலிருந்து ஒரு டன் வரைதான். சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். ஓட்டுநர், உதவியாளர், மேற்கூரை எல்லாம் அந்த எடைக்குள்தான் அடங்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதை மனத்தில் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று பேர்: 210 கிலோ
மேற்கூரை: 60 கிலோ
300 லிட்டர் தண்ணீர், தொட்டியுடன்: 330 கிலோ
பம்பு, மின்கலம், குழாய்ச் சுருள்: 60 கிலோ
ஏணி, கம்பு, வாளி, மருந்துகள்: 50 கிலோ

மொத்தம் 710 கிலோ. 800 கிலோ தாங்கும் வண்டியில் மிச்சம் 90 கிலோ மட்டுமே. தொட்டியை 500 லிட்டராக மாற்றினால் வரம்பைத் தாண்டிவிடும். அதிக எடையால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், டயர் சூடேறி வெடிக்கலாம், முன்சக்கரத்தின் பிடிமானம் குறையும். விபத்து நடந்தால் காப்புறுதிப் பணம் கிடைப்பதும் சிக்கலாகும்.

தொட்டியைப் பின்கதவின் பக்கம் வைக்காமல், கேபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் வருமாறு பொருத்த வேண்டும். பாதி நிரம்பிய தொட்டி வளைவுகளில் அலையடித்து வண்டியை இழுக்கும். ஆகவே உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள தொட்டியை வாங்க வேண்டும். கடுமையாகப் பிரேக் போட்டால் 300 கிலோ தொட்டி 200 கிலோவுக்கும் மேற்பட்ட விசையுடன் முன்னால் தள்ளும். மோதல் நேர்ந்தால் அது பல டன் ஆகிவிடும். அதைச் சாதாரணக் கயிற்றால் கட்டி நிறுத்த முடியாது. வண்டியின் அடிச்சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கிய இரும்புச் சட்டத்துக்குள் தொட்டி இருக்க வேண்டும். பின்டயரின் காற்றழுத்தத்தை, சுமையோடு ஓடுவதற்குக் கதவோரச் சீட்டில் குறித்திருக்கும் அளவுக்கு வைக்க வேண்டும்.

தண்ணீரைச் சுமக்கத்தான் வேண்டுமா?

இரண்டு, மூன்று மாடிச் சன்னல்களை ஏணி இல்லாமல் தரையில் நின்றே கழுவ, தண்ணீர் ஓடும் நீண்ட கம்பு பயன்படுகிறது. கம்பின் நுனியில் தூரிகை இருக்கும். அதன் வழியே தூய்மைப்படுத்திய தண்ணீர் வரும். துடைக்காமலே காயவிட்டால் போதும், கறை படியாது. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள்தான் காய்ந்தபின் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகின்றன. அந்த உப்புகளை நீக்கிவிட்டால் புள்ளி வராது. கரைந்த பொருளின் அளவைக் காட்டும் சிறு டிடிஎஸ் மானியில் 10 பிபிஎம்முக்குக் கீழே காட்ட வேண்டும். பூச்சியம் காட்டினால் மிக நல்லது.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எதிர் சவ்வூடு முறை எனப்படும் ஆர்ஓ வடிகட்டி. இது தண்ணீரில் ஒரு பங்கைத் தூய்மையாக்கி மறு பங்கைக் கழிவாக வெளியேற்றும். இன்னொன்று, உப்பை ஈர்க்கும் பிசின் நிரப்பிய டிஐ உருளை. இதில் தண்ணீர் வீணாகாது. ஆனால் பிசின் தீர்ந்ததும் மாற்ற வேண்டும். ஆற்று நீரைச் சுத்திகரித்து வரும் குழாய்த் தண்ணீரில் பொதுவாக உப்பு குறைவு என்பதால் டிஐ உருளை மட்டுமே பல இடங்களில் போதும். ஈப்போவைச் சுற்றியுள்ளது போன்ற சுண்ணாம்புக் குன்றுப் பகுதிகளில் கிணற்று நீரைப் பயன்படுத்தினால் பிசின் விரைவில் தீரும். வேலை ஒப்புக்கொள்ளும் முன் மானியால் அளந்து பார்ப்பது நல்லது.

தரைவீடுகளில் தோட்டக் குழாய் இருந்தால், டிஐ உருளையை நேரே அதில் மாட்டிவிடலாம். அப்போது 300 கிலோ சுமக்கும் தேவையே இல்லை. கடைவீட்டு வரிசைகளிலும், தண்ணீர் வெட்டு உள்ள நாள்களிலும் மட்டுமே தொட்டி அவசியமாகிறது. தூரிகையில் நிமிடத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை செலவாகும். அந்தக் கணக்கில் 300 லிட்டர் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும்.

பம்பை வண்டியின் முதன்மை மின்கலத்தில் மாட்டினால் மாலையில் வண்டி கிளம்பாமல் போகலாம். அதற்குத் தனி 12 வோல்ட் மின்கலம் வைத்து, வண்டி ஓடும்போது மின்னேற்றம் பெறும்படி இணைக்க வேண்டும். தொட்டிக்கு மூடி கட்டாயம். திறந்திருந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

உயரத்தில் ஆபத்து

பிக்கப் வைத்திருப்பவர்கள் செய்யும் மிக ஆபத்தான காரியம், பின்தட்டில் ஏணியை நிறுத்தி ஏறுவது. வண்டி சுருள்வில்லிலும் பட்டைவில்லிலும் நிற்பது. ஆள் ஏற ஏற அது அசையும். ஏணியைச் சமதரையில் மட்டுமே நிறுத்த வேண்டும். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் அதன் அடிப்பாகம் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான கம்பு எதுவானாலும் ஆபத்துதான். மின்கம்பி செல்லும் பக்கத்தில் நீண்ட கம்பைத் தூக்கவே கூடாது. இடி முழக்கம் கேட்டதும் கம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். கயிற்றில் தொங்கிச் செய்யும் உயர்மாடி வேலை தனிப் பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர்களுக்கு உரியது. நல்ல கூலி வருகிறது என்று அதில் இறங்கக் கூடாது.

பழைய நீர்க்கறையை நீக்கும் அமிலக் கலவைகள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு. தோலில் பட்டால் முதலில் வலி தெரியாமலே ஆழமாக அரிக்கும். பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலில் எதையும் வாங்க வேண்டாம். மருந்துகளைக் கேபினுக்குள் வைக்காமல், பின்பகுதியில் பூட்டிய பெட்டிக்குள் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

பதிவும் காப்புறுதியும்

நம் நாட்டில் பிக்கப்பைத் தனியார் வாகனமாகவும் பதியலாம், சரக்கு வாகனமாகவும் பதியலாம். சரக்கு வாகனம் என்றால் குறித்த காலத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டுவதற்கு டி வகுப்பு உரிமம் போதும். மேற்கூரை, கம்பிச் சட்டம், நிலையான தொட்டி ஆகியவற்றைப் பொருத்தும் முன் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனியார் காப்புறுதிப் பத்திரங்கள் வழக்கமாகத் தொழிலுக்காகப் பொருள் ஏற்றிச் செல்வதை விலக்கி வைக்கின்றன. ஆகவே வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதைக் காப்புறுதி நிறுவனத்திடம் முதலிலேயே சொல்லி, எழுத்தில் பெற வேண்டும். வண்டிக் காப்புறுதி வண்டிக்குத்தான். பின்னால் இருக்கும் கருவிகளும், நம் கையால் உடையும் வாடிக்கையாளரின் கண்ணாடியும் அதில் அடங்கா. அவற்றுக்குத் தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும்.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். கீழே விழுந்து படுத்துவிட்டால் குடும்பத்துக்கு வருமானம் இல்லை என்பதால், சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ திட்டத்தில் சேர்வது கட்டாயமாகக் கருதப்பட வேண்டும். ஆள் வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் சொக்சோ கட்ட வேண்டும். 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஒரே ஓர் உதவியாளரை வைத்திருப்பவரும் அவரது பாதுகாப்புக்குப் பொறுப்பு.

மாதச் செலவு

2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதன்பின் விலை சந்தைக்கேற்ப ஏறி இறங்குகிறது. ஆகவே பழைய விலையில் கணக்குப் போடக் கூடாது.

எடுத்துக்காட்டாக, தவணை 1,100, டீசல் 450, காப்புறுதியும் சாலை வரியும் மாதப் பங்காக 250, பழுதுபார்ப்பும் டயரும் 250 என்று வைப்போம். மொத்தம் 2,050 ரிங்கிட். மாதம் 22 நாள் வேலை என்றால் வண்டிக்கு மட்டும் நாளுக்கு 93 ரிங்கிட் ஆகிறது. மழையால் 17 நாளாகக் குறைந்தால் அது 120 ரிங்கிட்டைத் தாண்டும். கூலி சொல்லும்போது இந்தத் தொகையை முதலில் கழித்துவிட்டுத்தான் நம் உழைப்புக்கு என்ன மிச்சம் என்று பார்க்க வேண்டும். கிழக்குக்கரையில் இருப்பவர்கள் நவம்பர் தொடங்கி வரும் மழைக்காலத்துக்குத் தவணைப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

கையில் முதல் இல்லாதவர்கள், டெக்குன் நேஷனல் வழியாக இந்தியத் தொழில்முனைவர்களுக்கு வழங்கப்படும் ஸ்புமி கடனுதவியை விசாரிக்கலாம். விண்ணப்பத்துக்கு எஸ்எஸ்எம் பதிவும் ஒழுங்கான வரவு செலவுக் கணக்கும் கைகொடுக்கும்.

கடைசியாக ஒன்று. முதல் ஆறு மாதம் இருக்கும் வண்டியிலோ வாடகை வண்டியிலோ தொழிலைச் செய்து பாருங்கள். எத்தனை லிட்டர் தண்ணீர் செலவானது, எத்தனை நாள் மழையால் நின்றது, எந்த வேலைக்கு ஏணி தேவைப்பட்டது என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்களுக்கு ஏற்ற வண்டி பிக்கப்பா, வேனா, அல்லது இன்னும் சில காலத்துக்கு மோட்டார் சைக்கிளே போதுமா என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும். தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.