மின்காப்புப் பொருள்கள்: ரப்பரும் பிளாஸ்டிக்கும்

மின்சாரத்தைத் தன் வழியே எளிதில் பாயவிடாத பொருள் மின்காப்புப் பொருள் எனப்படும். செம்பில் அணுக்களின் வெளி எலக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிகின்றன. ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் கரி அணுக்கள் நீண்ட சங்கிலிகளாகப் பிணைந்திருக்க, எலக்ட்ரான்கள் அந்தப் பிணைப்புகளிலேயே சிக்கிக் கிடக்கின்றன. கண்ணாடியும் பீங்கானும் நல்ல காப்புகள்தான், ஆனால் வளையாது. கம்பியோடு சேர்ந்து வளைவதால்தான் வயர் உறையாக ரப்பரும் பிளாஸ்டிக்கும் நிலைத்தன.

1729இல் இங்கிலாந்தின் ஸ்டீபன் கிரே பட்டு நூலில் கயிற்றைத் தொங்கவிட்டு மின்னூட்டத்தைத் தொலைவுக்குக் கடத்தினார். பட்டு அறுந்து பித்தளைக் கம்பியைக் கட்டியதும் மின்னூட்டம் கசிந்துபோனது. கடத்துபவை, கடத்தாதவை என்ற பாகுபாடு அங்கே தொடங்கியது. மலாய்க் காட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சா 1843இல் சிங்கப்பூரிலிருந்து லண்டன் சென்றது. 1870இல் பம்பாய் வந்துசேர்ந்த கடலடித் தந்திக் கம்பிக்கும் அதுவே உறை.

இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டார். அதே கந்தகம் செம்பை அரித்ததால் கம்பிக்கு வெள்ளீயம் பூச நேர்ந்தது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின்மேல் ஓடிய ரப்பர் வயர்கள் காலப்போக்கில் வெடித்து உதிர்ந்தன. 1926இல் வால்டோ சீமன் பி.வி.சி.யை இளக்கும் வழியைக் கண்டார். 1933இல் பாலித்தீன் பிறந்தது. இன்று வீட்டு வயர்களில் பெரும்பாலானவை பி.வி.சி. உறையிட்டவையே.

வயரில் உயிர் காக்கும் இதே குணம் சிவகாசி வட்டாரத்தில் உயிருக்கு எதிரியாகவும் ஆகிறது. எம். புதுப்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமிக்குத் தீப்பெட்டியையும் பட்டாசையும் கொண்டுவந்ததில் வறண்ட காற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஈரமான காற்றில் உராய்வு மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும். வறண்ட காற்றில் அப்படியே தங்கிவிடும். பிளாஸ்டிக் வாளியும் நைலான் சேலையும் உராயும்போது பெற்ற மின்னூட்டத்தை வெளியேற வழியின்றிப் பிடித்துவைத்திருக்கும். மனித உடல் 10,000 வோல்ட் வரை ஏறினால் ஏறத்தாழ 5 மில்லிஜூல் ஆற்றல் சேரும். விரல் நுனியில் சுரீரென்று உறைப்பதோடு நமக்கு அது முடிந்துவிடும். அலுமினியப் பொடி, கந்தகம் கலந்த நுண்ணிய பட்டாசு மருந்துகளில் சில பற்றிக்கொள்ள அந்தப் பொறியே போதும். மருந்து அறையில் பருத்தி உடை உடுத்துவதும், நுழையுமுன் நிலத்தோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொடுவதும் வெறும் சம்பிரதாயம் அல்ல. தகட்டைத் தொட்டால் உடலில் சேர்ந்தது மண்ணுக்குப் போய்விடும்.

ரப்பர் என்றாலே காப்பு என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. புகைக்கரியைப் போதிய அளவு கலந்தால் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். மருந்து அறைத் தரைக்கு வேண்டியது இத்தகைய கடத்தும் விரிப்பு. மின்பலகை முன் நிற்பவர் காலடியில் ஐ.எஸ். 15652 தரத்திலான காப்பு விரிப்பு இருக்க வேண்டும். இரண்டும் கறுப்பாக, ஒரே தடிமனில் இருக்கலாம். இடம் மாறினால் இரண்டு இடத்திலும் ஆபத்து. ஆலை நடத்துவோர் நிறத்தைப் பார்த்து வாங்காமல், மின்தடையை அளந்து பார்த்தபின்பே விரிப்பைத் தரையில் போட வேண்டும்.