உயிரியல் செய்முறைக் கல்வியும் தமிழ் வினைச்சொற்களும்

முன்னுரை

அறிவியல் தமிழின் வரலாறு பெரும்பாலும் கலைச்சொற்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கலைச்சொற்களுள்ளும் பெயர்ச்சொற்களே மிகுதியாகக் கருதப்பட்டன. பள்ளி ஆய்வுக்கூடத்திலோ மாணவரின் கைக்கு வழிகாட்டுபவை வினைச்சொற்கள். வகுப்பறைப் பாடம் ‘இது இன்னது’ என விளக்குகிறது. செய்முறைப் பாடம் ‘இன்னது செய்க’ என ஏவுகிறது. இவ்வேறுபாடு உயிரியல் தமிழாக்கத்தில் எத்தகைய சிக்கல்களைத் தோற்றுவித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

செய்முறை நூலின் அமைப்பு

உயிரியலைக் கையால் செய்து கற்கும் முறைக்கு வடிவம் தந்தவர்களுள் டி. எச். ஹக்ஸ்லி குறிப்பிடத்தக்கவர். அவர் 1871இல் இலண்டன் சவுத் கென்சிங்டனில் அறிவியல் ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி வகுப்பு நடத்தினார். எச். என். மார்ட்டினுடன் இணைந்து அவர் எழுதிய செய்முறை உயிரியல் நூல் 1875இல் வெளிவந்தது. அந்நூல் ஈஸ்டில் தொடங்கித் தவளையில் முடிகிறது. ஒவ்வோர் உயிரியைப் பற்றியும் முதலில் விளக்கமும், அதனையடுத்து ஆய்வுக்கூட வேலையும் தரப்படுகின்றன. விளக்கம் செய்தி வாக்கியங்களால் ஆனது. ஆய்வுக்கூட வேலை பிரித்து எண்ணிட்ட சிறு ஏவல் வாக்கியங்களால் ஆனது. செய்முறை நூல் பாடநூலினின்று மொழிநடையாலும் வேறுபட்டது என்பது இதனால் விளங்கும்.

தமிழாக்க முயற்சிகள்

தமிழில் உடலியல் நூல்கள் இதற்கு முன்னரே தோன்றிவிட்டன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. 1916இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்திலிருந்து கலைச்சொல்லாக்கத்திற்கென ஓர் இதழை வெளியிட்டனர். இம்முயற்சிகளும் பின்னர் வந்த கலைச்சொல் குழுக்களும் பொருள்களுக்கும் கருத்துகளுக்கும் பெயரிடுவதையே தலையாய பணியாகக் கொண்டன.

இப்பெயர்களும் தமிழகத்திலும் இலங்கையிலும் வெவ்வேறாயின. தமிழகப் பாடநூல் ‘செல்’, ‘திசு’, ‘நுண்ணோக்கி’, ‘ஒளிச்சேர்க்கை’ என்பவற்றை இலங்கைப் பாடநூல் முறையே ‘கலம்’, ‘இழையம்’, ‘நுணுக்குக்காட்டி’, ‘ஒளித்தொகுப்பு’ என்கிறது. மொழிபெயர்ப்பாளரின் கவனம் இவ்வேறுபாட்டிலேயே நின்றுவிடுகிறது. ஆயினும் ஓர் ஒப்பீட்டுப் பட்டியலைக் கொண்டு இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்துவிடலாம். வினைகளைப் பொறுத்த சிக்கலைப் பட்டியலால் தீர்க்க இயலாது.

வினைத் தேர்வு

தண்டின் உள்ளமைப்பைக் காண மெல்லிய துண்டுகள் தேவை. ‘குறுக்கு வெட்டு’ என்னும் பெயர் நிலைபெற்றுவிட்டமையால் ‘மெல்லிய வெட்டுகள் எடுக்கவும்’ என எழுதுகின்றனர். ‘வெட்டு’ என்னும் வினை ஓங்கித் துண்டாக்குதலை நினைவூட்டும். ஆய்வுக்கூடத்தில் கை செய்வதோ சீவுதல். அவ்வாறே வெங்காயச் செதிலின் புறத்தோலை உரிக்கிறோம், விதையுறையைக் கீறுகிறோம், வேர்நுனியை நறுக்குகிறோம். கத்தியின் சாய்வு, அழுத்தம், திசை ஆகியவற்றை இவ்வினைகள் தம்முள்ளேயே உணர்த்துகின்றன. சமையலறையில் வழங்கும் இச்சொற்களைத் தரக்குறைவாகக் கருதியதால் நூல்நடை இழந்தது மிகுதி.

ஏவல் வடிவம்

‘எடு’, ‘எடுங்கள்’, ‘எடுக்க’, ‘எடுக்கவும்’, ‘எடுக்கப்பட வேண்டும்’ என ஏவுதற்குத் தமிழில் பல வடிவங்கள் உள்ளன. வியங்கோள் மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொது என்பது நன்னூலார் கொள்கை. செய்பவர் ஒருவராயினும் பலராயினும், ஆணாயினும் பெண்ணாயினும் பொருந்துவதால் செய்முறை நூலுக்கு அது மிக ஏற்றது. செயப்பாட்டு வடிவமோ செய்பவரை மறைத்துவிடுகிறது. பதிவேட்டில் ‘இலை எடுக்கப்பட்டது’ என எழுதும் மாணவர் தாம் செய்ததையும் நூலில் உள்ளதையும் ஒரே வாக்கியத்தால் குறிக்கிறார். செய்யாத சோதனைக்கும் அதே வாக்கியம் பொருந்திவிடுகிறது.

வினையெச்சத் தொடர்

இலையில் தரசம் உள்ளதை அறியும் சோதனை இச்சிக்கலை நன்கு காட்டும். ‘இலையைப் பறித்து, கொதிநீரில் இட்டு, ஆல்கஹாலில் இட்டுச் சூடாக்கி, கழுவி, அயோடின் கரைசல் சேர்க்கவும்’ என்பது இலக்கணப் பிழையற்ற வாக்கியம். செயல்களின் வரிசையையும் அது சரியாகத் தருகிறது. ஆனால் ஒவ்வொரு செயலும் எதுவரை நிகழ வேண்டும் என்பது அதில் இல்லை. இலையின் பச்சை நிறம் முற்றும் நீங்கும்வரை ஆல்கஹாலில் இருத்தல் வேண்டும். இல்லையேல் தரசத்தால் தோன்றும் கருநீல நிறம் தெளிவாகத் தெரியாது. சூடாக்கும் முறையும் அதில் இல்லை. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றுவது. ஏறத்தாழ 78 பாகை செல்சியசில் கொதிப்பது. ஆதலின் சுடரை அணைத்தபின், ஆல்கஹால் உள்ள குழாயைச் சுடுநீர்க் கலத்தினுள் நிறுத்த வேண்டும். ‘சூடாக்கி’ என்னும் ஓர் எச்சம் இவ்வளவையும் மறைத்துவிடுமாயின் சோதனை தவறுவதோடு மாணவருக்குத் தீக்காயமும் நேரலாம். இத்தகைய இடத்தில் தொடரை முறித்து, செயலுக்கு ஒரு வாக்கியமாக எண்ணிட்டு எழுதுதலே தக்கது. ‘வரை’, ‘முன்’, ‘பின்’, ‘ஆமல்’ முதலியன அங்கு இன்றியமையாதன.

முடிவுரை

தமிழில் ‘செய்முறை’ என்னும் ஒரே சொல் ஆய்வுக்கூடப் பயிற்சியையும் அதனைச் செய்யும் வழியையும் குறிக்கிறது. பயிற்சியின் தரம் அவ்வழியை உரைக்கும் மொழியைச் சார்ந்தது என்பதற்கு இது பொருத்தமாகவே அமைகிறது. கலைச்சொல் அகராதிகள் பெயர்களுடன் நில்லாமல், ஆய்வுக்கூட வினைகளையும் அவை ஏற்கும் பொருள், கருவி, எல்லை ஆகியவற்றையும் தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்புக்கு நூலகத்தோடு, சோதனையைச் செய்துகாட்டும் ஆசிரியரின் பேச்சும் மூலமாக அமைய வேண்டும்.