கட்டம் போட்டுக் கற்ற கணக்கு

1996 நவம்பரில் வெளியான ஒரு பட்டியல் அமெரிக்கக் கல்வியாளர்களைத் திடுக்கிட வைத்தது. முந்தைய ஆண்டு 41 நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நடத்திய கணிதத் தேர்வில் 643 புள்ளிகளுடன் சிங்கப்பூர் முதலிடம். அமெரிக்காவுக்கு 500 புள்ளிகள், 28ஆம் இடம்.

அந்த இடத்தைச் சிங்கப்பூர் உழைத்துத்தான் பெற்றது. அங்கேயும் கணக்கு என்றாலே மிரளும் பிள்ளைகள் ஏராளமாக இருந்தார்கள். 1980இல் அரசு பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தைத் தொடங்கியது. கோ டெக் ஹோங் தலைமையில் கணிதக் குழு உட்கார்ந்து, உலகெங்கும் வெளியான ஆய்வுகளைப் படித்தது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்து அவர்களைக் கவர்ந்தது. குழந்தை முதலில் பொருளைக் கையால் எடுத்து எண்ண வேண்டும். அடுத்து படமாகப் பார்க்க வேண்டும். எண்ணும் குறியீடும் அதற்குப் பிறகுதான்.

படத்துக்காக அவர்கள் கண்ட வழி, நீளக் கட்டங்கள்.

அண்ணனிடமும் தங்கையிடமும் சேர்த்து 120 வெள்ளி. தங்கையைப் போல மூன்று மடங்கு அண்ணனிடம் இருக்கிறது. யாரிடம் எவ்வளவு? பிள்ளை தங்கைக்கு ஒரு கட்டம் வரைகிறது. அதே அளவில் அண்ணனுக்கு மூன்று. மொத்தம் நான்கு கட்டம், 120 வெள்ளி. ஒரு கட்டத்துக்கு 30. தங்கையிடம் 30, அண்ணனிடம் 90. இயற்கணிதத்தின் அடிப்படை, ‘எக்ஸ்’ என்ற எழுத்தே இல்லாமல் பத்து வயதில் பிடிபட்டுவிடுகிறது.

சிங்கப்பூரின் பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் அமெரிக்கப் பள்ளிகளால் அப்படியே வாங்க முடிந்தது. அமெரிக்கரின் சிந்தனை, சிங்கப்பூர்ப் புத்தகமாக அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்தது. மேரிலாண்டின் மாண்ட்காமரி மாவட்டம் 2000இல் நான்கு பள்ளிகளில் சோதித்துப் பார்த்தது. அமெரிக்க அரசுக்காக 2005இல் தயாரான அறிக்கை, அங்கே பலன் ஆசிரியர்கள் பெற்ற பயிற்சியின் அளவை ஒட்டியே அமைந்ததாகச் சொன்னது. சிங்கப்பூரிலோ ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சி பெற உரிமை உண்டு.

இதேபோல் வெளிநாட்டுக் கணித முறையைத் தேடிய இங்கிலாந்து, சீனாவின் ஷாங்காய் பக்கம் திரும்பியது. 2014 முதல் இரு நாட்டு ஆசிரியர்களும் மாறி மாறிச் சென்று வகுப்பெடுத்தார்கள். ஷாங்காய்த் தொடக்கப்பள்ளியில் கணிதத்துக்கென்றே தனி ஆசிரியர். நாளுக்கு இரண்டு மூன்று வகுப்புகள்தான். மீதி நேரம் பாடத் தயாரிப்புக்கும் சக ஆசிரியர்களோடு கலந்து பேசுவதற்கும். இங்கிலாந்திலோ பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் நாள் முழுவதும் எல்லாப் பாடங்களையும் நடத்துகிறார். 2016இல் ஷாங்காய் முறையைப் பரப்ப அரசு 8,000 தொடக்கப்பள்ளிகளுக்காக 4.1 கோடி பவுண்டு ஒதுக்கியது. ஆசிரியர் பரிமாற்றத்தில் பங்கேற்ற பள்ளிகளைப் பற்றி 2019இல் வந்த மதிப்பீட்டில், ஏழு வயதுப் பிள்ளைகளிடம் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. பதினொரு வயதினரிடம் அதற்குச் சான்று இல்லை.

புத்தகமும் கட்டமும் எளிதாகக் கடல் தாண்டிவிட்டன. ஆசிரியருக்குக் கிடைத்த நேரமும் பயிற்சியும் கூடவே போகவில்லை. பிற நாட்டு முறையைக் கொண்டுவர நினைக்கும் எந்த அரசும் நிதி ஒதுக்கும்போது, அந்த இரண்டுக்கும் முதலில் ஒதுக்க வேண்டும்.