சாத்தாராவின் ஒரே பந்தி

மராட்டிய மண்ணின் உப்பைத் தின்று வாழும் தமிழராகிய நாம், இம்மண் ஈன்ற பெரியோரை அறிந்துகொள்ளுதல் கடமையாகும். சிவாஜி மன்னரையும் திலகரையும் அறியாதார் நம்முள் இலர். ஆயின் ஏழைக் குடியானவரின் பிள்ளைகளுக்கு விடுதியும் பள்ளியும் அமைத்த கர்மவீரர் பாவுராவ் பாட்டீலை அறிந்தோர் சிலரே.

கோலாப்பூர்ச் சீமையைச் சேர்ந்த கும்போஜ் என்னும் ஊரில், 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், சமணக் குடும்பமொன்றில் இவர் பிறந்தார். இளமையில் கிர்லோஸ்கர் கலப்பைகளை விற்கும் பொருட்டு ஊரூராக அலைந்தார். கலப்பை பிடிக்கும் கைகளுக்கு எழுத்து எட்டாதிருந்ததை அப்போது நேரிற் கண்டார். சிற்றூர்ச் சிறுவன் மேற்படிப்புப் பெற வேண்டுமாயின் நகரில் தங்க வேண்டும். தங்க இடமும் உண்ண உணவும் இல்லையேல் படிப்பும் இல்லை. ஆகவே ஏழைக்குப் பள்ளியினும் முந்தித் தேவைப்படுவது விடுதியே எனத் தெளிந்தார். 1919-ஆம் ஆண்டில் காலே என்னும் ஊரில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கினார். ரயத் என்பது குடியானவரைக் குறிக்கும் சொல்.

1924-இல் சாத்தாரா நகரில் இவர் நிறுவிய விடுதியில், சாதி மத வேறுபாடின்றிப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ்த் தங்கினர். தாமே சமைத்து ஒரே பந்தியில் உண்டனர். 1927-இல் அங்கு வருகை புரிந்த காந்தியடிகள், அதற்குச் சத்ரபதி சாகு விடுதி எனப் பெயர் சூட்டினார்.

இவ்விடத்தில் நம் தாயகத்தை நினையாதிருக்க இயலவில்லை. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளித்ததால் எழுந்த கிளர்ச்சியில் 1925-ஆம் ஆண்டு நிலைகுலைந்தது. ஐயரவர்களின் தியாகமும் புலமையும் யாவரும் போற்றத்தக்கவை. ஆயினும் பந்தி பிரிந்தமையால் பள்ளியும் பிரிந்தது. அதே ஆண்டுகளில் சாத்தாராவில் பந்தி ஒன்றாயிற்று; பள்ளி தழைத்தது.

அத்தழைப்பு எளிதில் வந்ததன்று. பிள்ளைகளின் பசி தீர்க்கக் கையிற் பொருளில்லாத வேளையில், பாவுராவின் மனைவியார் லட்சுமிபாய் தம் நகைகளை விற்றார். இறுதியில் மங்கல நாணையும் விற்றார். அவ்வம்மையார் இன்றி அவ்விடுதி இல்லை என்பது மிகையாகாது.

இலவசச் சோறு பிள்ளைகளை இரவலராக்கிவிடலாகாது என்பதிலும் பாவுராவ் கருத்தாயிருந்தார். நிலத்தில் உழைத்து ஈட்டிக்கொண்டே கற்கும் முறையை வகுத்தார். அம்முறையில் 1940-இல் மகாராஜா சயாஜிராவ் உயர்நிலைப் பள்ளியும், 1947-இல் சத்ரபதி சிவாஜி கல்லூரியும் சாத்தாராவில் எழுந்தன. உயர் பட்டம் எதுவும் படித்துப் பெறாத இவருக்குப் புனே பல்கலைக்கழகம் 1959-இல் டாக்டர் பட்டம் நல்கியது. அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் கிடைத்தது. அவ்வாண்டு மே 9-ஆம் நாள் அவர் மறைந்தார். தலைமை ஆசிரியர் என்னும் பதவிப் பெயரின்றியே, எண்ணிறந்த ஏழை மாணவர்க்கு ஆசானும் தந்தையுமாய் அவர் விளங்கினார்.

அன்பர்களே! நம் பிம்ப்ரியிலுள்ள மகாத்மா புலே கல்லூரியும் அவர் நட்ட ரயத் ஆலமரத்தின் விழுதே. அதன் நிழல் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆண்டு விழாவில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் நாம், கட்டணம் செலுத்த இயலாத ஒரு பிள்ளையின் படிப்பையேனும் ஆண்டுதோறும் ஏற்போமாயின், இம்மண்ணுக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதி தீரும்.