தளிகையில் பயறும் உளுந்தும்: ஆஹார நியமத்தின் மறந்த பாதி

ஆஹார நியமம் என்றவுடன் நம்மவர் நினைவில் முன்னிற்பது விலக்கத்தக்கவற்றின் பட்டியலே. எது உண்ணலாகாது, எந்நாளில் எதனைத் தவிர்ப்பது என்பவற்றைப் பூர்வாசார்யர்கள் விரிவாக அருளியுள்ளனர். ஸ்ரீ வேதாந்த தேசிகன் ஆஹார நியமம் என்னும் பெயரிலேயே தமிழில் ஒரு பிரபந்தம் இயற்றினார். ஆயின் விலக்கியது போக எஞ்சியதை எவ்வளவு கொள்வது, எதனோடு எதனைச் சேர்ப்பது என்னும் மறுபாதி நம் இல்லங்களில் மெல்ல மறக்கப்பட்டு வருகிறது. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

இதனை எழுதத் தூண்டியது அடியேனுக்கே நேர்ந்ததொரு குறை. சென்ற அத்யயன உத்ஸவத்தில் இராப்பத்தின் நான்காம் நாள், திருவாய்மொழி கோஷ்டியில் நிற்க மாட்டாமல் கால் தளர்ந்து தூணைப் பற்றிக்கொள்ள நேர்ந்தது. ஐம்பது ஆண்டுகளாக நின்ற இடம் அது. மருத்துவர் சோதித்துவிட்டு நோய் ஏதும் இல்லை என்றார். தசை கரைந்திருக்கிறது, உண்பது என்ன என்று கேட்டார். காலையில் காப்பி, நண்பகலில் சாற்றமுதும் மோரும் கலந்த சாதம், இரவில் சிறிது மோர்சாதம் அல்லது பழம் என்றேன். புரதம் போதவில்லை, முட்டையாவது சேர்த்துக்கொள்ளலாமே என்றார். அது இயலாது என்று சொல்லி வந்துவிட்டேன். உடன் வந்த பேரன் வழியில், "தாத்தா, நம் ஆசாரமே உடம்பை இளைக்க வைக்கிற ஆசாரமா?" என்று கேட்டான். அவனுக்கு அன்று விடை சொல்ல இயலவில்லை.

புரதம் என்னும் சொல் நம் முன்னோர் அறியாதது. ஐரோப்பிய ரசாயன அறிஞர்கள் 1838-இல் இப்பொருளுக்கு, முதன்மையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பெயரிட்டனர். சொல் புதிதாயினும் பொருள் புதிதன்று. உடலைத் தாங்கி நிலைநிறுத்தும் உணவு எது என்னும் ஆராய்ச்சி நம் நூல்களில் தொன்றுதொட்டு உள்ளது.

ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் எம்பெருமானார், வாக்யகாரர் கூறிய ஏழு ஸாதனங்களில் முதலாவதாக விவேகத்தை எடுத்துக் காட்டுகிறார். ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூவகைக் குற்றமும் அற்ற அன்னத்தால் உடல் தூய்மை பெறுதலே அவ்விவேகம். இதற்கு ஆதாரம் சாந்தோக்யத்தின் ஏழாம் பிரபாடகம். ஆஹாரம் தூயதானால் உள்ளம் தூயதாகும், உள்ளம் தூயதானால் நினைவு நிலைபெறும் என்பது அதன் கருத்து. நாம் இதனை நன்கு கற்றோம். ஆனால் அதற்கு முந்திய ஆறாம் பிரபாடகத்தை இதனோடு சேர்த்துப் படிக்கத் தவறினோம். ச்வேதகேது தந்தையின் சொற்படி பதினைந்து நாள் உண்ணாமல் நீர் மட்டும் பருகியிருந்தான். பின் வேதத்தைச் சொல்லப் புகுந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. உண்டபின் அனைத்தும் தோன்றின. மின்மினி அளவாய்க் குறுகிய தணலில் புல்லை இட்டு மூட்டினால் மீண்டும் எரிவதுபோல என்று உத்தாலகர் விளக்குகிறார். ஏழாம் பிரபாடகம் அன்னத்தின் தூய்மை பற்றியது; ஆறாம் பிரபாடகம் அன்னத்தின் இருப்பு பற்றியது. நினைவு இரண்டையும் வேண்டி நிற்கிறது. தூயதேயாயினும் போதாத உணவு துருவஸ்ம்ருதிக்கு உதவாது.

கீதையின் பதினேழாம் அத்யாயத்தில் ஸாத்விக ஆஹாரத்தின் இலக்கணம் கூறும் சுலோகத்தையும் இங்கே நோக்க வேண்டும். ஆயுள், அறிவு, வலிமை, நோயின்மை ஆகியவற்றை வளர்ப்பது என்பதே அதன் முதல் அடையாளம். சுவை, நெய்ப்பு என்பவற்றோடு ஸ்திரம் என்றொரு சொல்லும் வருகிறது. நெடுநேரம் கெடாமல் இருப்பது என்று இதற்குப் பொருள் கொண்டால் பழையதை விலக்கும் பின் சுலோகத்தோடு முரணும். கீதாபாஷ்யத்தில் எம்பெருமானார் இதனை ஸ்திரமான பரிணாமம் உடையது என்று உரைத்தருளினார். உண்டபின் உடலில் நிலைத்த மாறுபாட்டைத் தருவது என்பது கருத்து. வயிறு நிறைந்து இரு நாழிகையில் மீண்டும் பசிக்கும் வெறுஞ்சோற்றுக்கு இவ்விலக்கணம் பொருந்துமோ என்று ஆராய்க. அதே அத்யாயம் உடலை வாட்டும் கடுந்தவத்தை அஸுரத்தன்மையதாகச் சொல்லி, உள்ளிருக்கும் தன்னையும் அது வாட்டுகிறது என்று பகவான் உரைப்பதையும் மறக்கலாகாது.

இனி, அந்த ஸ்திர ஆஹாரம் எது? தைத்திரீய ஸம்ஹிதையின் சமகத்தில் வேண்டப்படும் தானியங்களில் நெல், யவம், கோதுமை, தினை முதலியவற்றோடு உளுந்து, பயறு, எள், மசூரம் ஆகியனவும் வருகின்றன. ப்ருஹதாரண்யகத்தின் ஆறாம் அத்யாயம் கூறும் பத்து நாட்டுத் தானியங்களிலும் எள், உளுந்து, மசூரம் உண்டு. நெல்லை மட்டும் வேண்டிய வேதவாக்யம் அன்று அது. ஆயுர்வேதத்தார் தானியங்களை சூகதான்யம், சமீதான்யம் என்று பகுத்தனர். முன்னது கதிரில் விளைவது. பின்னது நெற்றில் விளைவது. சரகர் சமீதான்யங்களுள் பத்தியத்துக்குச் சிறந்தது பயறு என்று முடிவு செய்தார். உளுந்து வலிமை தருமாயினும் எளிதில் செரியாதது என்பது அவர் கொள்கை. நம் இல்லங்களில் முதியோர்க்கும் நோயாளிக்கும் பயற்றம்பருப்பும், வளரும் பிள்ளைகளுக்கு உளுந்தும் என்று வழங்கிய முறை இதனோடு ஒத்தது.

ஆழ்வார்கள் காலத்து அமுதுபடியிலும் இச்சேர்க்கை விளங்குகிறது. பெரியாழ்வார் திருமொழி இரண்டாம் பத்தின் ஒன்பதாம் திருமொழியில், கண்ணன் செய்த தீம்புகளை ஆய்ச்சியர் யசோதையிடம் முறையிடுகின்றனர். பன்னிரண்டு திருவோணம் நோற்றுத் தான் சமைத்ததை இவன் விழுங்கிவிட்டான் என்கிறாள் ஒருத்தி. அவள் சமைத்ததில் அரிசியோடு சிறுபருப்பும் வெல்லமும் நெய்யும் பாலும் இருந்தன. அதே திருமொழியில் சீடையும் எள்ளுருண்டையும் வருகின்றன. இன்று நாம் அக்காரவடிசில் என்று செய்வதில் பருப்பைப் பெயருக்குத் தூவுகிறோம். ஆழ்வாரோ அதனை அரிசிக்கு அடுத்தபடி பெயர் சொல்லி வைத்தார்.

கல்வெட்டுகளும் இதற்குச் சான்று. திருமலையில் விஜயநகரக் காலத்துச் சாஸனங்கள் வடைப்படி, சுகியன்படி, இட்டலிப்படி, அப்பப்படி, அதிரசப்படி என்று படிகளை வகைப்படுத்துகின்றன. முதல் மூன்றிலும் உளுந்தோ பயறோ கடலையோ இல்லாமல் தளிகை இல்லை. கட்டளைக்கு வேண்டும் அரிசி, பயறு, நெய், சர்க்கரை, மிளகு ஆகியவற்றை மரக்கால், நாழி, உரி, உழக்கு என்று அளந்து எழுதி வைத்தனர். அமுது செய்தருளிய பிரஸாதத்தில் கட்டளை செய்தவர்க்குரிய பங்கை விட்டவன் விழுக்காடு என்றனர். சாளுவ நரஸிம்மர் காலத்தில் கந்தாடை ராமாநுஜ ஐயங்கார் நடத்திய ராமாநுஜகூடங்களில் ஸ்ரீவைஷ்ணவர்கள் உண்டது இத்தகைய பிரஸாதமே. இன்றும் காஞ்சி தேவப்பெருமாள் கோயில் இட்டலியில் உளுந்து மிகுதி. திருமாலிருஞ்சோலை தோசை, திருக்கண்ணபுரத்து முனியோதரையன் பொங்கல், ஸ்ரீராமநவமி வடைப்பருப்பு என்பனவும் சமீதான்யம் கலந்தவையே.

ஒருவர் வினவலாம்: சாதுர்மாஸ்யத்தில் த்விதளம் என்று பருப்பையே விலக்குகின்றனரே, ஆதலின் பருப்பு ஸாத்விக உணவன்று எனலாமோ என்று. விரதத்தின் அமைப்பையே நோக்குக. மாத்வ ஸம்ப்ரதாயத்தில் இன்றும் வழுவாது நடக்கும் முறைப்படி முதல் மாதம் காய்கறி, இரண்டாம் மாதம் தயிர், மூன்றாம் மாதம் பால், நான்காம் மாதம் த்விதளம் என்று ஒவ்வொன்றாக விலக்கப்படுகின்றன. தயிரும் பாலும் பருப்பும் ஒரே மாதத்தில் விலக்கப்படவில்லை. தயிர் இல்லாத மாதத்தில் பாலும் பருப்பும் உண்டு; பருப்பு இல்லாத மாதத்தில் பாலும் தயிரும் உண்டு. உடலைத் தாங்குவது ஏதேனும் ஒன்று எப்போதும் எஞ்சும்படி இவ்விரதம் அமைந்திருக்கிறது. அடியேன் உண்டுவந்த உணவோ, விரதம் ஏதும் இன்றியே மூன்றையும் ஏறக்குறைய விலக்கியிருந்தது.

இன்றைய உணவியலார் கூறும் அளவோடு இதனை ஒத்துப் பார்த்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். முதியோர்க்கு 1 முதல் 1.2 கிராம் வரை நன்று என்பர் பலர். அடியேன் எடை 55 கிலோ. ஆகவே 46 கிராமுக்குக் குறையலாகாது. நூறு கிராம் அரிசியில் 7 அல்லது 8 கிராமே உள்ளது. நூறு கிராம் பயற்றிலும் உளுந்திலும் ஏறத்தாழ 24 கிராம். அரிசியில் லைஸின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறையும் மெதியோனின் அரிசியிலும் எள்ளிலும் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவதால் பருப்புசாதமும் இட்டலியும் பொங்கலும் முழுமை பெறுகின்றன. அடியேன் உண்ட 250 கிராம் அரிசி, சாற்றமுதில் கரைந்த சிறிது பருப்பு, ஒரு குவளை மோர் எல்லாம் கூட்டினும் 30 கிராமை ஒட்டியே நின்றது. குறைந்தது ஆசாரத்தால் அன்று; அளவால்.

என் தாயார் இலையில் முதலில் இட்டது நெய்யோடு பருப்பு. பின் குழம்பு, சாற்றமுது, இறுதியில் கட்டித்தயிர். மாலையில் சுண்டலோ அடையோ இருக்கும். பல் போயிற்று, செரிக்கவில்லை, தனியே யார் சமைப்பது என்று ஒவ்வொன்றாக நாம் விட்டோம். கடைசியில் எஞ்சியது சாதமும் மோரும். அதனையே ஸாத்விகம் என்றும் வைராக்யம் என்றும் பெயரிட்டு நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

இப்போது அரிசியை 200 கிராமாகக் குறைத்து, பயறும் உளுந்தும் துவரையுமாக 85 கிராம், பாலும் தயிருமாக அரை லிட்டர், எள்ளோ நிலக்கடலையோ ஒரு பிடி என்று கொள்கிறேன். கூட்டினால் 55 கிராமுக்கு மேல் வருகிறது. பல்லுக்கு இசைய பயறு குழைய வெந்தும், உளுந்து கஞ்சியாகவும் அமைகின்றன. பால் ஒவ்வாதவர் பருப்பின் அளவை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். சிறுநீரகக் குறை உடையோர் மருத்துவரைக் கேளாமல் இவ்வளவைக் கொள்ளலாகாது. ஏகாதசி உபவாஸத்துக்கு இதனால் பங்கமில்லை. மற்ற நாளில் உண்ணாதவனுக்கு ஏகாதசி உபவாஸத்தின் சிறப்புத்தான் எங்கே?

திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமேனி வாடியதை எம்பெருமானார் கண்டு, தயிரமுதோடு நாவற்பழம் சேர்த்து அமுது செய்வித்ததே காரணம் என்றறிந்து, கருடவாஹன பண்டிதரைக் கொண்டு கஷாயம் ஸமர்ப்பித்தார் என்பது கோயில் மரபு. எம்பெருமானுக்கே எது எதனோடு சேரும் என்று பார்த்தவர் அவர். அவன் திருவடியில் கைங்கர்யம் செய்ய வேண்டிய சரீரத்துக்கு அதனைப் பாராமல் விடுவது அவர் காட்டிய வழியன்று.

பேரனுக்கு இப்போது விடை சொல்ல இயலும். நம் ஆசாரம் உடம்பை இளைக்க வைப்பதன்று. அதில் பாதியைக் காத்து மற்றைப் பாதியைக் கைவிட்டது நம் பிழை. தனியே வாழும் முதிய ஸ்வாமிகள் இல்லத்துக்குச் செல்வோர் அடுத்த முறை பழத்தோடு ஒரு படி பயறும் கொண்டு செல்வாராக. இயன்றால் அதனை வேகவைத்துக் கொடுத்துவிட்டும் வருவாராக.