முல்லையாற்றங்கரையில் நம் முன்னோர்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று பொறுப்பாளர்கள் கேட்டபோது, பொருளைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்லவில்லை. நாம் பிறந்து வளர்ந்த ஆற்றங்கரைக் குடியிருப்புகளின் வரலாறே எழுதப்படாமல் கிடக்கின்றது. பிறர் வரலாற்றைப் பாடநூலில் படித்து மதிப்பெண் பெறும் நம் இளைஞர்கள், தம் பாட்டனார் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அறியாதிருத்தல் தகாது.

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலையும் காவல் நிற்க, இடையில் நீண்டு கிடக்கும் தாழ்நிலமே கம்பம் பள்ளத்தாக்கு. சுருளியாறும் வைரவனாறும் மலையிலிருந்து இறங்கி, முல்லையாறாகப் பெருகி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி ஆகிய ஊர்களைத் தழுவித் தேனிக்கருகே வைகையில் கலக்கின்றன. பழைய மதுரை மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்த இப்பகுதி, 1996-ஆம் ஆண்டில்தான் தேனி மாவட்டமாகத் தனி உருப்பெற்றது. மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே 1928-இல் இரயில் ஓடத் தொடங்கும்வரை, மாட்டுவண்டியும் கால்நடையுமே இங்கு வருவோர்க்கும் போவோர்க்கும் துணை.

ஆற்றங்கரையில் மேட்டுப்பாங்கான இடமெல்லாம் ஊராயிற்று. தாழ்ந்த இடம் சேரியாயிற்று. இருபது முப்பது குடிசைகள், மண்சுவர், நாணற்கூரை. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் முதலில் நனைவது நம் அடுப்பு. வெள்ளம் வடிந்தபின் காய்ச்சல் வரும். மருத்துவர் என்பவரைக் கண்டறியாத மக்கள் நொச்சியிலையையும் வேப்பங்கொழுந்தையும் நம்பிக் கிடந்தனர். ஆறு அருகிலேயே ஓடினும் துறை நமக்குப் பொதுவன்று. ஊரார் குளிக்கும் துறைக்குக் கீழே, அவர்கள் துவைத்த நீர் வந்து சேரும் இடமே நம் துறை. குடிநீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் முகந்து, குடத்தை நிரப்ப வேண்டும். இவற்றையெல்லாம் நம் பாட்டியார் ஒரு குறையாகக் கூறியதில்லை. வெயில் மழை போல் இயல்பான செய்தியாகவே கூறினார். அதுவே நம் நெஞ்சை மிகவும் வருத்திற்று.

ஆண்கள் பண்ணையாட்களாக இருந்தனர். உழவு, வரப்பு வெட்டுதல், இரவில் மடை திறந்து நீர் பாய்ச்சுதல் ஆகியன அவர்தம் கடமை. பெண்கள் நாற்று நட்டனர், களை பறித்தனர், அறுத்தனர். கூலி காசாக அன்று. களத்துமேட்டில் மரக்காலால் அளந்த நெல்லாகவே கிடைத்தது. ஊரில் சாவு நேர்ந்தால் செய்தி சொல்லச் செல்வதும் பறையறைவதும் நம்மவர் பணி. எந்த வயலுக்கு எத்துணை நாழிகை நீர் வேண்டும், எந்த மடையில் கசிவு உண்டு, எந்த மண் எவ்விதைக்கு ஏற்றது என்பனவெல்லாம் நம் பாட்டன்மார்க்கு மனப்பாடம். நிலத்தை முழுதும் அறிந்தவர்க்கு அந்நிலத்தில் ஓர் அடியும் உரிமையில்லை.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டையே சூறையாடியது. பஞ்சத்திற்கு அஞ்சி இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பலேறியவர் பலர். அதன்பின், மேற்கே வீணாகக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணம் செயல்வடிவம் பெற்றது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887-இல் தொடங்கிய வேலை, பொறியாளர் பென்னிகுயிக்கின் தலைமையில் நடந்தேறியது. 1895 அக்டோபர் 10-இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெரியாற்று நீர் நம் பள்ளத்தாக்கில் இறங்கிற்று.

அணை கட்டியது எளிய செயலன்று. யானையும் புலியும் உலவிய அடர்காட்டில், இடையறாத மழையில், கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தவர்கள் கூலி மக்களே. வெள்ளம் அரைகுறைக் கட்டுமானத்தை அடித்துச் சென்றது. விடக்காய்ச்சலும் வாந்திபேதியும் உயிர்களைக் கொண்டு சென்றன. 2013 சனவரி 15-இல் லோயர் கேம்பில் பென்னிகுயிக்கிற்கு நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளில் நம் ஊர்களில் பொங்கல் வைக்கின்றனர். நன்றி மறவாமை தமிழர் பண்பு. அதில் நமக்கு மாறுபாடில்லை. எனினும் அந்தப் பொங்கற்பானையின் முன் நிற்கும்போது, பெயர் தெரியாமல் காட்டில் மடிந்தோரையும் ஒரு கணம் நினைத்தல் நம் கடமை.

நீர் வந்தது, நிலம் செழித்தது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் இந்நீரால் விளைகின்றது. நீர் இருப்பை ஒட்டிப் பெரும்பாலும் சூன் முதல் நாளில் முதல் போகத்திற்கு அணை திறக்கப்படும். வயலை ஒட்டி வாழையும் தென்னையும் திராட்சையும் பெருகின. நம்மவர்க்குக் கிடைத்தது யாது? ஒரு போகத்திற்கு உழைத்தவர் இரு போகத்திற்கு உழைத்தனர். பட்டினி குறைந்தது உண்மை. அதை மறைத்தல் அறமன்று. ஆனால் அணை கட்டியதனால் நிலத்தின் உடைமை மாறவில்லை. வாய்க்கால் வயலுக்குத்தான் பாயும். வயல் இல்லாதவன் வாசலுக்கு அது வருவதில்லை. இவ்வோர் உண்மையை இளைஞர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

அணை எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப்படுவது அதுவே. அந்நிலத்தைப் பிற வகுப்பினர்க்கு விற்றல் கூடாதென்ற நிபந்தனையும் உண்டு. இருந்தும், எழுத்தறியாத கை இட்ட பெருவிரல் ரேகையால் பல இடங்களில் அந்நிலம் கைமாறிப் போயிற்று. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஆர். வீரையன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோர்க்கும் உரியன என்றது. சட்டம் சென்னையில் பிறந்தது. அது நம் ஆற்றுத்துறைக்கு நடந்து வந்து சேரப் பல்லாண்டு ஆயிற்று.

நிலமில்லாதவர்க்கு மலை வழி காட்டிற்று. கங்காணியிடம் முன்பணம் பெற்று, கம்பம் வழியாகக் குமுளிக்கும், போடி வழியாகக் குரங்கணிக்கும் ஏறினர். மூணாற்றுத் தேயிலையிலும் ஏலக்காட்டிலும் நம்மவர் வியர்வை கலந்துள்ளது. லயத்தின் ஒற்றை அறையில் பிள்ளை பெற்று, அட்டைக்கடியில் இரத்தம் சிந்தி, அங்கேயே மண்ணானோர் பலர். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அடங்கின. அண்ணன் ஒரு மாநிலம், தம்பி ஒரு மாநிலம் என்றாயிற்று. 2011 டிசம்பரில் அணைச் சிக்கல் முற்றியபோது, தோட்டத் தொழிலாளர் பலர் அச்சத்தால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே மலையிறங்கினர். அவர்தம் பாட்டன்மார் ஏறிய மலையும் அதுவே.

இறுதியாகப் பள்ளிக்கூடத்திற்கு வருவோம். நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தோம். முதல் வகுப்பில் நம் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மூன்றாம் வகுப்பில் பாதி இல்லை. நீக்கக் காரணம் எழுதும் இடத்தில், ‘நீண்ட நாள் வருகையின்மை’ என்று ஆசிரியர் ஒரே கையெழுத்தில் எழுதிச் சென்றிருந்தார். தேதிகளை ஒத்துப் பார்த்தோம். பெரும்பாலும் ஏலக்காய் பறிக்கும் பருவம். தாய் தந்தையர் மலையேறினர். பிள்ளைகளும் உடன் சென்றனர். அப்பட்டியலில் நம்முடன் ஒரே பலகையில் அமர்ந்து படித்த நண்பன் ஒருவனின் பெயரையும் கண்டோம். கணக்கில் அவன் நம்மினும் வல்லவன். நாம் பாட்டியார் வீட்டில் விடப்பட்டதனால் படித்தோம். அவனை விட்டுச் செல்ல அவனுக்குப் பாட்டி இல்லை. எமக்கும் அவனுக்கும் இடையே இருந்த வேறுபாடு அவ்வளவே.

இளைஞர்களே! நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆற்றிவரும் பணியின் பொருள் இதுவே. மலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்கு அப்பருவத்தில் ஒரு பாட்டியாக நாம் இருத்தல் வேண்டும். உங்கள் தெருவில் எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று அன்றன்றே கேளுங்கள். வீட்டுப் பெட்டியில் மடிந்து கிடக்கும் பட்டாவையும் பழைய ஆவணங்களையும் எடுத்துப் படியுங்கள். ஐயமிருப்பின் வட்டாட்சியர் அலுவலகம் சென்று கேளுங்கள். முதியோர் இருக்கும்போதே அவர்தம் வாய்மொழியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நிலத்தில் நமக்கு மறுக்கப்பட்ட பங்கு கல்வியிலும் மறுக்கப்படாதிருக்கக் காவல் காப்பது நம் பொறுப்பு. இரவெல்லாம் விழித்திருந்து பிறர் வயலுக்கு மடை திறந்த நம் பாட்டன்மார்க்கு, நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவேயாகும்.