சோழவரம் ஓடுபாதையும் தண்டையார்பேட்டைப் பட்டறையும்: இருவீச்சு எந்திரப் பந்தயத்தில் கார்புரேட்டர் அறிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வடசென்னையை ஒட்டிய சோழவரத்தில் நிகழ்ந்த மோட்டார் பந்தயங்களின் வரலாறு, ஓட்டுநர் பெயராலும் வண்டியின் பெயராலுமே நினைவுகூரப்படுகிறது. இருவீச்சு எந்திரத்தின் திறனை உண்மையில் தீர்மானித்த கார்புரேட்டர் தேர்வு, ஜெட் பொருத்தம் ஆகிய பட்டறை முடிவுகளை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு படிக்க முடியும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வடசென்னை, சோழவரம், இருவீச்சு எந்திரம், கார்புரேட்டர், பட்டறை அறிவு

முன்னுரை

தண்டையார்பேட்டை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் துறைமுகம், தொழிற்சங்கம், மாசு ஆகிய மூன்றைச் சுற்றியே அமைகின்றன. நான்காவதாக எரிபொருளையும் சேர்க்க வேண்டும். துறைமுகத்திலிருந்து குழாய்வழி வரும் எண்ணெயைத் தேக்கிவைக்கும் கிடங்குகள் இப்பகுதியில் உள்ளன. வடமேற்கே மணலியில் 1969இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. வடக்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் ஆலை 1950களின் நடுப்பகுதியில் அமைந்தது. செங்குன்றத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றால் சோழவரம். அங்கு இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று பந்தயக் களமாக மாறியது. எண்ணெய், எந்திரம், களம் என்ற மூன்றுக்கும் இடைப்பட்ட தெருக்களில் இருசக்கர வண்டிப் பட்டறைகள் பெருகியதில் வியப்பில்லை.

இப்பட்டறைகள் அறிந்திருந்தது எத்தகைய அறிவு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. "பெரிய கார்புரேட்டர் போட்டால் வண்டி பறக்கும்" என்பது தெருவில் வழங்கும் கூற்று. பட்டறையின் உள்ளே வழங்கிய கூற்று வேறு. பல இடங்களில் அதற்கு நேர்மாறானது.

திருவொற்றியூரின் இருவீச்சு எந்திரங்கள்

என்ஃபீல்டு என்றதும் நாற்வீச்சு புல்லட் வண்டியே நினைவுக்கு வரும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் கூட்டுச் சேர்ந்ததன் நோக்கமும் அதுவே. ஆனால் அதே நிறுவனம் வில்லியர்ஸ் இருவீச்சு எந்திரம் பொருத்திய ஃபென்டாபுலஸ் ஸ்கூட்டரையும், பின்னர் ஷெர்பா, குரூசேடர் வண்டிகளையும் விற்றது. 1980களில் ஜெர்மனியின் ட்சுண்டாப் நிறுவன வடிவமைப்பைத் தழுவிய ஃபியூரி வந்தது. ஐந்து கியர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், குரோமியம் பூசிய உருளை எனத் தன் காலத்துக்கு மிக முன்னேறிய இருவீச்சு வண்டி அது. விற்பனையில் அது வெல்லவில்லை என்பதால் வரலாற்றிலும் ஓரமாகிவிட்டது. நாற்வீச்சுப் புல்லட்டின் புகழ் இந்த மறுபக்கத்தை மறைத்துவிட்டதாகவே கருத வேண்டியுள்ளது.

இருவீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எந்திரத்தில் தனி வால்வு அமைப்போ, அதை இயக்கும் கேம் தண்டோ இல்லை. உருளைச் சுவரில் வெட்டப்பட்ட வாயில்களைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. ஆகவே ஓர் அரமும் ஒரு லேத்தும் உள்ள பட்டறைக்கு எந்திரத்தின் சுவாசத்தையே மாற்றும் வாய்ப்புக் கிடைக்கிறது. நாற்வீச்சு எந்திரத்தில் இதே மாற்றத்தைச் செய்யக் கேம் தண்டைச் செதுக்க வேண்டும். அதற்குரிய கருவி சிறு பட்டறைகளுக்கு எட்டாதது. இருவீச்சு எந்திரம் வடசென்னைக்கு உகந்ததானதற்கு மலிவு விலை ஒரு காரணம் என்றால், இந்தத் திறந்த தன்மை அதைவிடப் பெரிய காரணம்.

சோழவரம்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தோன்றியது. அதன் பந்தயங்கள் 1980களின் இறுதி வரை சோழவரம் ஓடுபாதையில் நிகழ்ந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. சோழவரத்தின் இறுதிப் பத்தாண்டுதான் இருவீச்சு எந்திரங்களின் உச்சகாலம். 1982இல் டிவிஎஸ் தன் பந்தய அணியைத் தொடங்கியது. 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் 350 வந்தது. 1984இல் இண்ட்-சுசுகியும், 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100உம் தொடர்ந்தன.

ராஜ்தூத் 350 குறித்துச் சற்று நின்று பேச வேண்டும். 347 கன செ.மீ. கொள்ளளவுள்ள இந்த இரட்டை உருளை வண்டி ஜப்பானிய வடிவில் 39 குதிரைத்திறன் தந்தது. இந்தியாவில் விற்கப்பட்ட முதல் வடிவம் 30.5, பின்வந்த வடிவம் 27 மட்டுமே. எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட குறைப்பு இது. அதாவது, விற்கப்பட்ட வண்டிக்குள் விற்கப்படாத 8.5 முதல் 12 குதிரைத்திறன் புதைந்து கிடந்தது. பட்டறைக்காரர்கள் தங்கள் பணியை "ஏற்றுவது" என்று சொல்வதில்லை, "திறந்துவிடுவது" என்றே சொல்கின்றனர். இவ்வழக்கு வெறும் பேச்சல்ல. மேற்கண்ட கணக்கை அது சரியாகவே குறிக்கிறது.

துளையின் அளவு

எந்திரத்துக்கு எத்தனை மி.மீ. வாய் அகலமுள்ள கார்புரேட்டர் பொருந்தும்? கார்டன் ஜென்னிங்ஸ் 1973இல் வெளியிட்ட இருவீச்சு எந்திரக் கையேட்டின் வழியாகப் பரவிய சூத்திரம் ஒன்று உண்டு. ஓர் உருளையின் கொள்ளளவை லிட்டரில் எழுதி, அதை உச்சத்திறன் கிடைக்கும் நிமிடச் சுழற்சியால் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். அவ்விடையை 0.65 முதல் 0.9 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கினால் வாய் அகலம் மி.மீ.யில் கிடைக்கும்.

ஆர்எக்ஸ் 100இன் கொள்ளளவு 98 கன செ.மீ.; உச்சத்திறன் 7,500 சுழற்சியில் 11 குதிரைத்திறன். சூத்திரப்படி வாய் அகலம் ஏறத்தாழ 17.6 முதல் 24.4 மி.மீ. வரை அமையலாம். வாயில்களை அராவி, புகைபோக்கியை மாற்றி, உச்சத்தை 10,000 சுழற்சிக்கு நகர்த்தினால் அந்த வீச்சு 20.3 முதல் 28.2 ஆகிறது. இங்கே கவனிக்கத்தக்கது, இரு வீச்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதே. 24 மி.மீ. கார்புரேட்டர் சாலை வண்டிக்கும் தகும், பந்தய வண்டிக்கும் தகும். ஆகவே சூத்திரம் எல்லையைக் காட்டுகிறதேயன்றி முடிவைத் தருவதில்லை. 0.65க்கும் 0.9க்கும் இடையில் எங்கே நிற்பது என்பது களத்தைப் பொறுத்தது.

20 மி.மீ. வாயை 28 ஆக்கினால் பரப்பு 1.96 மடங்காகிறது. எந்திரம் இழுக்கும் காற்று அதே அளவு என்றால், வாயினூடே காற்று செல்லும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. கார்புரேட்டர் பெட்ரோலை மேலே இழுப்பது இந்த வேகம் உண்டாக்கும் அழுத்தக் குறைவால்தான். குறைந்த சுழற்சியில் அந்த இழுப்புத் தளர்ந்தால், கைப்பிடியைத் திருகியதும் எந்திரம் இருமுகிறது. வளைவிலிருந்து வெளியேறும் வண்டி தயங்குகிறது. சோழவரம் போன்ற ஓடுபாதைக் களத்தில் நீண்ட நேர்ப்பாதைகள் பெரிய வாயை விரும்பின. அவற்றை இணைத்த இறுக்கமான திருப்பங்கள் சிறிய வாயை விரும்பின. இவ்விரண்டுக்கும் இடையிலான சமரசமே கார்புரேட்டர் தேர்வு. புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகமாகக் கிடைத்த ஒரு பெரிய கார்புரேட்டரை வாங்கி மாட்டுவது தேர்வாகாது.

ஜெட்டும் பிளக்கும்

வாய் அகலம் முடிவான பின்னரே நுட்பமான பணி தொடங்குகிறது. சிறு திறப்பில் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், நடுத்திறப்பில் ஊசியும், முழுத்திறப்பில் மெயின் ஜெட்டும் கலவையை ஆள்கின்றன. இருவீச்சுப் பந்தய எந்திரத்தில் இதற்கு ஒரு கூடுதல் பொருள் உண்டு. எண்ணெயைப் பெட்ரோலுடனேயே கலந்து ஊற்றும்போது, ஜெட் குறைத்துத் தருவது எரிபொருளை மட்டுமன்று, மசகெண்ணெயையும்தான். கலவை மெலிந்தால் சூடு ஏறுகிறது. அதே கணத்தில் மசகும் குறைகிறது. பிஸ்டன் உருளையில் ஒட்டிக்கொள்கிறது. நேர்ப்பாதையின் உச்ச வேகத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவரின் கதி என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. பழைய பந்தய ஓட்டுநர்கள் எப்போதும் கிளட்ச் பிடியில் ஒரு விரலை வைத்தே ஓட்டியதற்குக் காரணம் இதுவே. பட்டறையில் ஜெட்டைத் தெரிவு செய்தவர் மற்றொருவரின் உயிரைக் கையில் வைத்திருந்தார்.

வெயில் குறித்த நம்பிக்கை ஒன்றையும் இங்கு ஆராயலாம். காலையில் பொருத்திய ஜெட் உச்சிவெயிலில் ஒத்துவராது என்பது பட்டறைகளில் பரவலான கருத்து. கடல்மட்டத்தில் 22 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் உலர்காற்று ஏறத்தாழ 1.196 கிலோ, 33 பாகையில் 1.153 கிலோ. குறைவு 3.6 விழுக்காடு. கார்புரேட்டரில் பெட்ரோல் ஓட்டம் காற்றடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் கலவை செறிவடைவது 2 விழுக்காட்டுக்கும் குறைவே. கடற்கரைக் காற்றின் ஈரம் இதைவிடப் பெரிது: 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் நீராவி மட்டும் காற்றில் 3.3 விழுக்காடு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதனோடு மற்றோர் அளவை ஒப்பிட வேண்டும். தேவையான எண்ணுடைய ஜெட் கிடைக்காத காலத்தில், உள்ள ஜெட்டைச் சன்னத் துளைப்பானால் அகலப்படுத்துவதும், ஈயம் வைத்து அடைத்து மீண்டும் துளையிடுவதும் வழக்கம். 1 மி.மீ. துளையை 1.05 ஆக்கினால் பரப்பு 10 விழுக்காடு கூடிவிடுகிறது. ஒரு நாளின் வெயில் மாற்றத்தைவிடக் கையின் ஒரு சிறு பிசகு ஐந்து மடங்கு பெரியது! வெயிலின்மேல் சுமத்தப்பட்ட பழியில் பெரும்பகுதி துளைப்பானைச் சேரும் என்பதே கட்டுரையாளரின் கருத்து. ஆயினும் இது பட்டறையைக் குறைகூறும் முடிவன்று. இத்தகைய கருவிகளைக் கொண்டு பிழையைத் திருத்திக்கொள்ளும் வழி ஒன்றும் அங்கிருந்தது. அதுவே பிளக் பார்த்தல்.

நேர்ப்பாதையில் முழுத்திறப்பில் ஓட்டி, அந்நிலையிலேயே மின்பொறியைத் துண்டித்து, கிளட்ச்சை அழுத்தி வண்டியை உருளவிட்டு நிறுத்த வேண்டும். மெதுவாக ஓட்டிவந்து நிறுத்தினால் பிளக் பொய் சொல்லும். கழற்றிப் பார்க்கையில் பீங்கான் வெளுத்திருந்தால் கலவை மெலிவு. கறுத்து ஈரமாயிருந்தால் செறிவு. பழுப்பு நிறம் சரி. இச்சோதனைக்குத் தடையற்ற நீண்ட பாதை தேவை. தண்டையார்பேட்டைத் தெருக்களில் அதற்கு இடமில்லை. ஆகவே பட்டறையில் உருவான முடிவு சோழவரத்தில்தான் மெய்ப்பிக்கப்பட்டது. கான்கிரீட் ஓடுபாதை பந்தயக்களமாக மட்டுமன்றி ஆய்வுக்கூடமாகவும் இருந்தது என்பதை இதனால் உணரலாம். சோதனைக்கு இடம் இல்லாத காலங்களில் பொதுச்சாலையை அதற்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. அதன் விலையை வழிப்போக்கரும் செலுத்தினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மனிதரோடு நகரும் அறிவு

எழுதப்படாத அறிவு தாழ்ந்த அறிவு என்ற எண்ணத்துக்கு இத்துறையின் உலக வரலாறே மறுப்பு. இருவீச்சு எந்திரத்தின் புகைபோக்கிக்குள் எழும் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியேற முயலும் புதுக்கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளும் முறையைக் கிழக்கு ஜெர்மனியின் எம்சட் ஆலையில் வால்டர் காடன் 1950களில் செம்மைப்படுத்தினார். 1961இல் அவருடைய 125 கன செ.மீ. எந்திரம் 25 குதிரைத்திறனை எட்டியது. அவ்வாண்டே அவ்வணியின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்குலகுக்குத் தப்பிச் சென்று, பின்னர் சுசுகியில் சேர்ந்தார். 1962இல் 50 கன செ.மீ. உலகப் பட்டம் சுசுகி வண்டியில் அவருக்குக் கிடைத்தது. ஓர் ஆலையின் அறிவு ஒரு மனிதரோடு எல்லை கடந்த நிகழ்வு இது. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானியக் கூட்டுறவோடு இந்தியா வந்த 100 கன செ.மீ. வண்டிகள் அந்த அறிவின் வழித்தோன்றல்களே.

தண்டையார்பேட்டையிலும் அறிவு அவ்வாறே நகர்ந்தது. பட்டறையில் சிறுவனாகச் சேர்பவர் முதலில் பிளக் துடைப்பார். துடைக்கும்போதே நிறம் பழகும். ஆண்டுகள் கழித்து அவருடைய கையில் ஜெட் வந்துசேரும். எண்ணையும் நிறத்தையும் இணைக்கும் அட்டவணை எதுவும் சுவரில் தொங்கியதில்லை. பந்தய முடிவுப் பட்டியல்கள் ஓட்டுநர், வண்டி, நேரம் ஆகியவற்றைப் பதிவுசெய்தன. ஜெட் எண்ணுக்கு அவற்றில் ஒரு பத்தி இருந்ததில்லை. அப்பத்தி இருந்திருந்தால் வெற்றியின் உரிமையாளர் பட்டியல் சற்று நீண்டிருக்கும்.

இருவீச்சின் பின்வாங்கல்

முடிவு சட்டத்தின் வழியாக வந்தது. இருசக்கர வண்டிகளுக்கான 1996ஆம் ஆண்டு உமிழ்வு வரம்பு, கிலோமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 கிராம், ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்த்து 3.6 கிராம் என அமைந்தது. 2000இல் இரண்டும் 2 கிராமாகக் குறைந்தன. எரியாத கலவையின் ஒரு பகுதியைப் புகைவாயிலிலேயே இழக்கும் எந்திரத்துக்கு இது கடும் வரம்பு. ஆர்எக்ஸ் 100இன் உற்பத்தி 1996இல் நின்றது. மணலியின் புகையையும் எண்ணூரின் சாம்பலையும் சுவாசிக்கும் மக்களிடம் இச்சட்டத்துக்கு எதிராக வாதிட எவருக்கும் தகுதியில்லை. எனினும் அதே சட்டம் ஒரு கைத்தொழிலின் அடிப்படையையும் அகற்றியது. இன்றைய எரிபொருள் செலுத்தும் அமைப்பில் கலவையை மின்னணுக் கட்டுப்பாட்டகம் தீர்மானிக்கிறது. பிளக்கின் நிறம் படித்தவருக்கு அதில் கைவைக்க இடமில்லை.

களப்பணியின்போது தண்டையார்பேட்டையில் ஒரு பழைய பட்டறையில் புகையிலை டப்பா ஒன்றைக் கட்டுரையாளர் காண நேர்ந்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட பித்தளை ஜெட்டுகள். பாதிக்கு மேல் எண்கள் அராவி அழிக்கப்பட்டிருந்தன. துளை மாற்றப்பட்ட ஜெட்டில் பழைய எண் இருந்தால் அது பொய்யாகிவிடும் என்றார் உரிமையாளர். அப்படியானால் எதை எங்கே மாட்டுவது என்று எப்படித் தெரியும் எனக் கேட்டபோது, ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இது சோழவரத்துக்குப் போனது" என்றார்.